ஜாக் ட்ரைஸ்: இரண்டே ஆட்டங்கள்

தலைநகரில் வாழும் நமக்கு விளையாட்டரங்கங்களின் பெயர்கள் அத்துப்படி. நேரு பெயரில் ஒன்று, இந்திரா காந்தி பெயரில் ஒன்று, நீச்சல் குளம் என்றால் சியாமா பிரசாத் முகர்ஜி. விளையாடியவர் பெயரை வைப்பது அபூர்வம். ஹாக்கி மன்னர் தியான் சந்துக்கே 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை அந்த மைதானம் வெறும் ‘நேஷனல் ஸ்டேடியம்’தான். அமெரிக்காவிலோ பணம் கொடுத்த பிரபுவின் பெயர், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு கம்பெனியின் பெயர். இப்படிப்பட்ட நாட்டில், அறுபதாயிரம் பேர் உட்காரும் ஒரு பெரிய அரங்கத்துக்கு, கல்லூரி அணிக்காக மொத்தம் இரண்டே ஆட்டங்கள் ஆடிய ஒரு மாணவனின் பெயரை வைத்திருக்கிறார்கள். அயோவா மாநிலத்தில் ஏம்ஸ் என்ற ஊரில் இருக்கும் ஜாக் ட்ரைஸ் ஸ்டேடியம்தான் அது.

என் மகள் அந்தப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தபோது நானும் என் மனைவியும் ஒரு மாதம் ஏம்ஸில் தங்கியிருந்தோம். சுற்றிலும் சோளக் கொல்லைகள். பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம் நான்கு நாளில் தீர்ந்துவிட்டன. மாலை நடைக்குப் போன வழியில் அரங்கத்தின் பெயரைப் பார்த்து, “யாரம்மா இந்த ட்ரைஸ்?” என்று மகளைக் கேட்டேன். “விளையாடி இறந்துபோனவர் அப்பா” என்றாள். அவளுக்கு அதற்குமேல் தெரியவில்லை. ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? நூலகத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். அப்போது படித்ததையும், ஊருக்குத் திரும்பிய பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்கர்கள் ‘ஃபுட்பால்’ என்று சொல்வது நம் கால்பந்து அல்ல. நீள்வட்டமான தோல் பந்து. அதைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரியின் எல்லைக் கோட்டைத் தாண்டி ஓட வேண்டும். பக்கத்துக்குப் பதினொரு பேர். ஓடுகிறவனை மறிக்கலாம், கட்டிப் பிடிக்கலாம், மோதித் தள்ளலாம். 1869இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் ஆடியதை முதல் ஆட்டம் என்று கணக்கு வைக்கிறார்கள். வெகுகாலம் வரை இது பணக்காரக் கல்லூரிப் பிள்ளைகளின் ஆட்டமாகவே இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் ஆடிய முரட்டுத்தனத்தைப் படித்தால் நமக்கு மயக்கம் வரும். கூட்டமாகக் கைகோத்து, ஆப்பு வடிவில் எதிரணி மீது பாய்ந்து மிதிப்பது ஒரு காலத்தில் அங்கீகரிக்கப்பட்ட உத்தி. 1905ஆம் ஆண்டில் பள்ளி, கல்லூரி எல்லாம் சேர்த்துப் பதினெட்டுப் பேருக்குக் குறையாமல் மைதானத்தில் உயிரை விட்டார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துக் கண்டித்த பிறகுதான் விதிகள் திருந்தத் தொடங்கின. 1906இல் பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதி வந்ததே இந்த மோதலைக் குறைக்கத்தான். அப்படியும் தலைக்கவசம் கட்டாயம் என்று கல்லூரி ஆட்டத்தில் சட்டம் வர 1939 ஆயிற்று. அதுவரை ஒரு தோல் குல்லாய், அதுவும் இஷ்டப்பட்டால்.

இந்த ஆட்டத்தில் கறுப்பினத்தவர் ஆடுவதென்றால் இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொள்ளும். பால் ராப்சனை நம் தலைமுறையினர் பாடகராக அறிவோம். 1958இல் அவருடைய அறுபதாவது பிறந்த நாளை நேருவின் ஆதரவோடு இந்தியாவில் கொண்டாடினார்கள். அவர் ரட்கர்ஸ் கல்லூரியின் ஆட்டக்காரர் என்பது பலருக்குத் தெரியாது. அணியில் சேர வந்த முதல் பயிற்சியிலேயே அவருடைய மூக்கை உடைத்தவர்கள் எதிரணிக்காரர்கள் அல்ல, சொந்த அணிக்காரர்கள். தென் மாநிலக் கல்லூரிகளோ, அணியில் ஒரு கறுப்பன் இருந்தால் நாங்கள் ஆட மாட்டோம் என்பார்கள். வடக்கத்திக் கல்லூரிகளும் ‘மரியாதைக்காக’ அவனை அன்றைக்கு மட்டும் வெளியே உட்கார வைப்பார்கள். இதற்கு எழுதாத ஒப்பந்தம் உண்டு. அதன் பெயர் ‘கனவான்கள் ஒப்பந்தம்’. கனவான்கள்!

இனி ஜாக் ட்ரைஸுக்கு வருகிறேன். 1902 மே 12ஆம் தேதி ஒஹையோ மாநிலத்தில் ஹைரம் என்ற சிற்றூரில் பிறந்தவர். முழுப் பெயர் ஜான் ட்ரைஸ். தகப்பனார் கிரீன் ட்ரைஸ், கறுப்பினத்தவருக்கென்றே இருந்த குதிரைப்படையில் சிப்பாயாக இருந்தவர். ஜாக்குக்கு ஏழு வயதாகும்போது அவர் இறந்துவிட்டார். தாயார் ஆனா, ஒரே மகனைத் தனியாக வளர்த்தார்.

அந்தத் தாயின் ஒரு முடிவு என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. ஹைரம் வெள்ளைக்காரர்களின் ஊர். அங்கே பையனை யாரும் துன்புறுத்தவில்லை; மற்றப் பிள்ளைகளோடு சமமாக விளையாடினான், படித்தான். அதுதான் ஆனாவுக்குக் கவலையாக இருந்தது. இப்படியே வளர்ந்தால், வெளியே போகும்போது உலகம் கொடுக்கும் அடியை இவன் எப்படித் தாங்குவான்? தன் இனத்தாரோடு பழக வேண்டும், ஒரு கறுப்புப் பையன் சந்திக்க வேண்டிய சிக்கல்களை இப்போதே சந்திக்க வேண்டும் என்று, அவனைக் கிளீவ்லாந்து நகரத்தில் இருந்த மாமா வீட்டுக்கு அனுப்பிவைத்தார். பிள்ளையைக் கஷ்டம் தெரியாமல் வளர்க்க வேண்டும் என்று தவிக்கிற பெற்றோரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கஷ்டம் தெரியட்டும் என்று, தனக்கு இருந்த ஒரே துணையை ஊர் விட்டு அனுப்பிய தாய் இவர்.

கிளீவ்லாந்தில் ஈஸ்ட் டெக்னிக்கல் உயர்நிலைப் பள்ளியில் ஜாக் பெயரெடுத்தார். ஆறடி உயரம், சுமார் இருநூறு பவுண்டு எடை, அதற்குப் பொருந்தாத வேகம். பள்ளிப் பயிற்சியாளர் சாம் வில்லமனுக்கு 1922இல் ஏம்ஸ் கல்லூரியில் தலைமைப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. தன் மாணவர்கள் சிலரையும் கூடவே அழைத்துப் போனார். அவர்களில் ஜாக்கும் ஒருவர்.

அன்றைக்கு அது அயோவா மாநிலக் கல்லூரி; விவசாயமும் பொறியியலும்தான் பிரதானம். அங்கே 1891இல் சேர்ந்த முதல் கறுப்பின மாணவர் வேறு யாருமல்ல, பின்னாளில் நிலக்கடலை ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். கார்வர் பட்டம் பெற்று, அங்கேயே கற்பித்து, 1896இல் தெற்கே டஸ்கீகி போய் ஏழைக் கறுப்பின விவசாயிகளுக்காக உழைத்தார். ஜாக் எடுத்த பாடம் கால்நடை வளர்ப்பு. படித்து முடித்ததும் தெற்கே போய், அங்குள்ள தம் இன விவசாயிகளுக்கு உதவ வேண்டும் என்பது அவருடைய எண்ணம். படிப்பிலும் சோடையில்லை, நல்ல மதிப்பெண்கள். குண்டு எறிதல், வட்டு எறிதல் இரண்டிலும் தேர்ச்சி. இக்காலத்தில் ஆட்டக்காரர்களுக்குக் கிடைப்பதுபோல உதவித்தொகை எதுவும் அப்போது கிடையாது. பகுதி நேர வேலை பார்த்துத்தான் படித்தார். 1923 கோடையில் கோரா மே என்ற பெண்ணை மணந்துகொண்டார். அவரும் ஏம்ஸுக்கு வந்து மனையியல் படிக்கச் சேர்ந்தார்.

முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் பிரதான அணியில் ஆடக் கூடாது என்பது அக்கால விதி. ஆகவே 1923 செப்டம்பர் கடைசியில் சிம்ப்சன் கல்லூரியோடு நடந்ததுதான் ஜாக்கின் முதல் ஆட்டம். அது சின்னக் கல்லூரி. ஒரு வெள்ளோட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கல்லூரி அணியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அடுத்தது அக்டோபர் 6, சனிக்கிழமை, மினியாபொலிஸில் மினசோட்டா பல்கலைக்கழகத்தோடு. அது பெரிய அணி.

முதல் நாள் இரவு, மினியாபொலிஸில் தங்கியிருந்த விடுதி அறையில், விடுதிக் காகிதத்திலேயே ஜாக் ஒரு கடிதம் எழுதினார். மனைவிக்கோ தாய்க்கோ அல்ல, தனக்குத்தானே எழுதிக்கொண்டது. தன் வாழ்நாளின் முதல் உண்மையான கல்லூரி ஆட்டம் இது என்று தொடங்குகிறார். தன் இனத்தின் மானமும் குடும்பத்தின் மானமும் தன் மானமும் நாளைக்கு இதில் அடங்கியிருக்கின்றன. எல்லாரும் தன்னிடம் பெரிதாக எதிர்பார்க்கிறார்கள். செய்து காட்டுவேன் என்கிறார். உடலையும் உயிரையும் மைதானத்தில் வீசி எறியப்போவதாகவும், ஒவ்வொரு முறையும் தன் பங்குக்கு மேலேயே செய்ய முயலப்போவதாகவும் எழுதுகிறார். அப்புறம் சட்டென்று பேச்சு மாறுகிறது. எதிரணியின் வரிசையை உடைத்து உள்ளே போய் அவர்கள் இடத்திலேயே மறிக்க வேண்டும், கூட்டமாக வருபவர்களிடம் எச்சரிக்கை தேவை, தாழ்ந்து மோது, கண்ணைத் திறந்து வைத்துக்கொள், ஒவ்வொரு நிமிடமும் விழிப்பாக இரு என்று தேர்வுக்கு முந்தின இரவு மாணவன் குறிப்பு எழுதுவது போல எழுதி, ‘ஜாக்’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இந்தக் கடிதத்தை வீர முழக்கமாகத்தான் அங்கே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. இருபத்தோரு வயதுப் பையன் ஒரு ஆட்டத்துக்குப் போகும்போது இனத்தின் மானம் முழுவதையும் தோளில் ஏற்றிக்கொண்டு போகிறான். அவனோடு வந்த மற்ற பத்துப் பேருக்கும் அன்று தோற்றால் ஒரு ஆட்டம் தோற்றதாகும், அவ்வளவுதான். இவன் சரியாக ஆடாவிட்டால், இனி ஒரு கறுப்பினப் பையனைச் சேர்க்கலாமா என்ற கேள்வி வரும். தன் பங்குக்கு மேல் செய்வேன் என்று அவன் எழுதியதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மறுநாள் ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே, இரண்டாவது மோதலில், ஜாக்கின் காறை எலும்பு முறிந்தது. அவர் வெளியே வரவில்லை. இடைவேளையில் தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். காறை எலும்பு முறிந்தவர்களுக்குத் தெரியும், கையைத் தூக்கிச் சட்டை மாட்டுவதே பிரம்மப் பிரயத்தனம். அந்தத் தோளோடு அவர் எதிரணி வரிசையில் மோதிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் பகுதியில் மினசோட்டாக்காரர்கள் பந்தோடு அவர் இருந்த பக்கம் கூட்டமாகப் பாய்ந்தார்கள். ஜாக் தரையோடு உருண்டு அவர்கள் காலை வாரி மறிக்கப் பார்த்தார். உருண்டவர் மல்லாந்து விழுந்தார். ஓடி வந்தவர்கள் அவரை மிதித்துக்கொண்டு போனார்கள். எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. ஆடுவேன் என்று அப்போதும் சொன்னாராம். தூக்கிக்கொண்டு வெளியே போனபோது மினசோட்டா ரசிகர்களே “வருந்துகிறோம் ஏம்ஸ், வருந்துகிறோம்” என்று குரல் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். ஆட்டத்தில் மினசோட்டா 20–17 என்று ஜெயித்தது. மூன்றே புள்ளி வித்தியாசம்.

மினியாபொலிஸ் மருத்துவமனையில் பார்த்துவிட்டுப் பயணம் செய்யலாம் என்று அனுப்பிவிட்டார்கள். ரயிலில் வைக்கோல் மெத்தையில் படுக்க வைத்து ஏம்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே ரத்தக் கசிவு. வயிறும் நுரையீரலும் பாதிக்கப்பட்டிருந்தன. டிமாய்ன் நகரிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். அறுவை செய்வது ஆபத்து என்று அவர் சொல்லிவிட்டார். பென்சிலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. திங்கட்கிழமை, அக்டோபர் 8, ஜாக் இறந்துவிட்டார். கோரா மே 65 ஆண்டுகள் கழித்து, 1988இல், பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கடைசி நேரத்தைச் சொல்லியிருக்கிறார். ஓடிப் போய்ப் பக்கத்தில் நின்று கூப்பிட்டாராம். ஜாக் அவரைப் பார்த்தாரே தவிரப் பேசவில்லை. கல்லூரி மணிக்கூண்டு மூன்று அடித்தது காதில் விழுந்ததாம். அந்த மணிக்கூண்டு இன்றும் இருக்கிறது. நாங்கள் தங்கியிருந்த மாதத்தில் நானும் அந்த மணியை எத்தனையோ முறை கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள். வளாகத்தின் நடுவே புல்வெளியில் சவப்பெட்டியை வைத்து, கல்லூரியின் சிவப்பும் பொன்னிறமும் கொண்ட துணி போர்த்தினார்கள். மாணவரும் ஆசிரியருமாக நாலாயிரம் பேர் கூடினார்கள். கறுப்பினத்தவர் விரல் விட்டு எண்ணும்படி இருந்த ஒரு ஊரில், 1923இல், இது சாதாரணமல்ல. அதற்குச் சற்று முன்புதான் ஜாக்கின் கோட்டுப் பையில் மடித்து வைத்திருந்த அந்தக் கடிதம் கிடைத்தது. கல்லூரித் தலைவர் ரேமண்ட் பியர்சன் அதைக் கூட்டத்தில் படித்துக் காட்டினார். ஹைரமில் அடக்கம் நடந்தது. அடக்கச் செலவுக்கும் தாயாரின் வீட்டு அடமானக் கடனுக்குமாக 2,259 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள்.

ஆனா ட்ரைஸ் பியர்சனுக்கு எழுதிய பதிலைப் படித்தேன். தன் மகனின் வாழ்க்கை, அங்கே படிக்க வரும் கறுப்பின மாணவர்களுக்கு ஊக்கமாக இருக்குமானால் அவன் வாழ்ந்ததும் இறந்ததும் வீணல்ல என்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் அது சம்பிரதாயமான கடிதம். அடுத்த வரியிலேயே, அவனுக்குக் கிடைத்த பெருமைகள் எனக்கும் பெருமைதான், ஆனால் எனக்கு இருந்தது அவன் ஒருவன்தான், நானோ வயதானவள், தனியாள் என்கிறார். அதற்குப் பியர்சன் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

வேண்டுமென்றே மிதித்தார்களா, விபத்தா? நூறு வருடங்களாக வாதம் நடக்கிறது. ஆட்டத்தைப் பார்த்தவர்களிலேயே சிலர் அது கொலைதான் என்றார்கள். வேறு சிலர், அக்கால ஆட்டத்தில் எப்போதும் நடப்பதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை என்றார்கள். குற்றம் என்று யார் மேலும் நிரூபணமாகவில்லை. என் எண்ணம் எதுவென்றால், மிதித்தவர்களின் மனதைத் தோண்டிப் பார்ப்பதைவிட, எலும்பு முறிந்தவனை யாரும் உட்கார வைக்கவில்லையே என்று கேட்பது மேல். அவன் உட்கார மறுத்திருப்பான் என்பதும் உண்மைதான். ஏன் மறுத்திருப்பான் என்பதைக் கடிதமே சொல்கிறது. ஏம்ஸ் கல்லூரிக்கும் மினசோட்டாவுக்கும் ஏற்கெனவே செய்திருந்த ஏற்பாட்டின்படி 1924இல் ஒரு ஆட்டம் நடந்தது. அதற்குப் பிறகு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இரு அணிகளும் மறுபடி சந்தித்தது 1989இல்.

இவ்வளவு நடந்த பிறகு கல்லூரி அவரை மறந்துவிட்டது என்றால் நம்புவீர்களா? பழைய உடற்பயிற்சிக் கூடத்துச் சுவரில் கடிதத்தின் வாசகம் பொறித்த ஒரு வெண்கலப் பட்டயம், அவ்வளவுதான் மிச்சம். அதன்மேல் தூசி படிந்தது. 1957இல் டாம் எமர்சன் என்ற மாணவர் அதைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு, மாணவர் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். மறுபடியும் மௌனம். 1973இல் சார்லஸ் சோன் என்ற ஆங்கில ஆசிரியர் தம் முதலாண்டு மாணவர்களோடு இந்தச் செய்தியை ஆராய்ந்தார். அப்போது புது அரங்கம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜாக் ட்ரைஸ் பெயரை வையுங்கள் என்று மாணவர்கள் கோரிக்கை வைத்தார்கள்.

இங்கேதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. மேலிடத்தில் யாரும் ‘முடியாது’ என்று சொல்லவில்லை. முடிவைத் தள்ளிப் போட்டார்கள். அரங்கம் 1975இல் திறந்தாயிற்று, பெயர் மட்டும் முடிவாகவில்லை. அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்புகளோடு காலம் தள்ளிய எனக்கு இந்த உத்தி புதிதல்ல. கேட்பவர்கள் மாணவர்கள், நாலு வருஷத்தில் படிப்பு முடிந்து போய்விடுவார்கள், கோரிக்கையும் போய்விடும். ஆனால் ஒவ்வொரு செட் மாணவர்களும் போகும்போது அடுத்த செட்டிடம் இதை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். 1984இல் ஒரு சமரசம்: அரங்கத்துக்கு ‘சைக்ளோன் ஸ்டேடியம்’ என்றும், நடுவிலுள்ள மைதானத்துக்கு மட்டும் ‘ஜாக் ட்ரைஸ் ஃபீல்ட்’ என்றும் பெயர். கட்டடம் உனக்கில்லை, புல் உனக்கு! மாணவர்கள் திருப்தி அடையவில்லை. தாங்களே பணம் திரட்டி 1988இல் வெண்கலச் சிலை வைத்தார்கள். கடைசியில் 1997இல் முழு அரங்கமும் ஜாக் ட்ரைஸ் ஸ்டேடியம் ஆயிற்று. 1973இல் கேட்டது, 24 ஆண்டுகள் கழித்து. முதலில் கேட்ட மாணவர்களின் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிற வயது. முதல் தரக் கல்லூரி அணிகளின் அரங்கங்களில் தனி ஒரு கறுப்பினத்தவர் பெயரைத் தாங்கிய முதல் அரங்கம் அதுதான்.

2023 அக்டோபரில் அவருடைய நூற்றாண்டு நினைவை அங்கே கொண்டாடினார்கள். மறு ஆண்டு, 2024இல், பல்கலைக்கழகம் அவருக்கு மறைவுக்குப் பிந்திய பட்டம் வழங்கியது. குடும்பத்தார் பெற்றுக்கொண்டார்கள். கால்நடை வளர்ப்பில் இளநிலைப் பட்டம்.